எலும்புக்கும் விலாசம் உண்டு



ஆண்டு மலர் என்றதும் கவிதை, கடி ஜோக், விடுகதை என்று பக்கத்தைப் புரட்டுவீர்கள். நடுவில் பாடக் கட்டுரை ஒன்று வந்தால் விரல் தானாகவே அடுத்த பக்கத்துக்குப் போய்விடும். கொஞ்சம் பொறுங்கள். இந்தக் கட்டுரையில் பார்முலா ஒன்றுகூட இல்லை. இது ஓணானைப் பற்றியது. நம்ம ஊர் வேலியில் தலையை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்குமே, அதே ஓணான்தான். அதன் வம்சம் எத்தனை கோடி ஆண்டுப் பழமையானது என்று கண்டுபிடிக்கப் போய், விஞ்ஞானிகள் ஒரு பெரிய பாடம் படித்தார்கள். சிவில் படிக்கிற நமக்கும் அந்தப் பாடத்தில் வேலை இருக்கிறது. எப்படி என்று பார்ப்போமா?

டிரையாசிக் என்றால் என்ன?

பூமியின் வரலாற்றை அறிஞர்கள் காலங்களாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். அதில் ஏறத்தாழ 25 கோடியே 20 லட்சம் ஆண்டுகளுக்கு முன் தொடங்கி, 20 கோடியே 10 லட்சம் ஆண்டுகளுக்கு முன் முடிந்தது டிரையாசிக் காலம். அப்போது இந்தியா தனியாக இல்லை. ஆப்பிரிக்கா, மடகாஸ்கர், அண்டார்டிகா எல்லாவற்றோடும் ஒட்டிக்கொண்டு, பாஞ்சியா என்ற ஒரே பெருநிலத்தின் பகுதியாக இருந்தது.

அதற்குச் சற்று முன்பு, பெர்மியன் காலத்தின் முடிவில், பூமியில் மிகப் பெரிய அழிவு ஒன்று நடந்தது. கடல் உயிரினங்களில் பெரும்பாலான வகைகள் அழிந்தன. நிலத்திலும் பேரழிவு. எல்லாம் காலியான பிறகு புதிதாகக் குடியேறுகிறவர்களுக்கு இடம் தாராளமாகக் கிடைக்குமல்லவா? அப்படித்தான் ஊர்வன இனங்கள் பெருகின. முதல் டைனோசர்கள், முதலை வம்சம், ஆமை வம்சம், பாலூட்டிகளின் நெருங்கிய மூதாதையர், பல்லி வம்சம் எல்லாமே இந்தக் காலத்தில்தான் தலைகாட்டுகின்றன.

சினிமா பார்த்துவிட்டு அந்தக் காலத்து மிருகம் என்றால் மாடி உயரம் இருக்கும் என்று நினைக்கிறோம். உண்மையில் ஆரம்பகால ஊர்வனவற்றில் பல, உள்ளங்கையில் அடங்கக்கூடியவை. இங்கேதான் சிக்கல். யானை எலும்பு மண்ணில் கிடந்தால் மிஞ்சும். பல்லி எலும்பு மிஞ்சுமா? காற்று, மழை, எறும்பு, ஓடைத் தண்ணீர் எல்லாம் தாண்டி ஒரு தாடையோ பல்லோ தப்பித்து வந்தால் அதுவே அதிர்ஷ்டம். சாட்சிகள் குறைவாக இருக்கிற வழக்கில் ஒவ்வொரு சாட்சிக்கும் மதிப்பு கூடிவிடும். ஒரு சாட்சி தவறினால் வழக்கே சாய்ந்துவிடும்.

எங்கே தேடுவது?

நம் மாவட்டத்தில் தேடலாமா என்றால், பயனில்லை. சிவகங்கைப் பக்கம் கோண்டுவானா வகைப் பாறைகள் உண்டு. அவற்றில் பழங்காலச் செடிகளின் இலைத் தடங்கள் கிடைத்திருக்கின்றன. ஆனால் அவை டிரையாசிக்குக்கு வெகு காலம் பிந்திய கிரிட்டேசியஸ் காலத்தவை. அரியலூரில் கிடைக்கிற கிளிஞ்சல், நத்தைப் படிமங்களும் அந்தக் காலத்தவையே. வயது பொருந்தாத பாறையில் தேடுவது, 1990 இல் பிறந்தவரை 1950 வாக்காளர் பட்டியலில் தேடுகிற மாதிரி.

இந்தியாவில் டிரையாசிக் ஊர்வன எலும்புகளுக்குப் பேர்போன இடங்களில் இரண்டை மட்டும் இங்கே சொல்கிறேன். ஒன்று தெலங்கானாவில் ஆசிபாபாத் பக்கம் உள்ள மலேரி. கோதாவரி ஆற்றுப் படுகையைச் சேர்ந்தது. இன்னொன்று மத்தியப் பிரதேசத்தில் ஷாடோல் மாவட்டத்தில் உள்ள டிக்கி. இரண்டு இடத்திலும் செந்நிறக் களிமண் பாறை பரந்து கிடக்கிறது.

வயிற்றுக்குள் இருந்த சாட்சி

1957 இல் கொல்கத்தாவின் இந்தியப் புள்ளியியல் கழகத்தில் நிலவியல் ஆய்வுப் பிரிவு ஒன்று தொடங்கப்பட்டது. புள்ளியியல் கழகத்துக்கும் எலும்புக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கத் தோன்றும். அதன் நிறுவனர் மகலனோபிஸ் அப்படிப் பரந்த நோக்கம் உடையவர். லண்டனிலிருந்து பமேலா ராபின்சன் என்ற அம்மையாரை வரவழைத்து இந்தப் பணிக்கு வழிகாட்டச் சொன்னார். கோதாவரிப் படுகையில் தேடும் பணி அப்படித்தான் சூடு பிடித்தது.

மலேரிச் செம்மண்ணில் பாராசூக்கஸ் என்ற, பார்ப்பதற்கு முதலை போன்ற ஊர்வனவற்றின் எலும்புக்கூடுகள் இரண்டு ஏறத்தாழ முழுமையாகக் கிடைத்தன. ஒவ்வொன்றும் இரண்டு மீட்டருக்கு மேல் நீளம். அவற்றைச் சுத்தம் செய்தபோது விலா எலும்புகளுக்குள்ளே வேறு ஒரு சிறிய பிராணியின் எலும்புகள் தெரிந்தன. அதாவது, செத்துப்போவதற்கு முன் சாப்பிட்ட கடைசிச் சாப்பாடு! அந்தச் சிறிய பிராணிக்குச் சங்கர் சட்டர்ஜி 1980 இல் மலேரிசாரஸ் ராபின்சோனே என்று பெயர் வைத்தார். முதல் பகுதி ஊர்ப் பெயர். இரண்டாவது ராபின்சன் அம்மையாரின் பெயர். நீண்ட வாலையும் சேர்த்து நாலடி நீளம் இருக்கும்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. மலேரிசாரஸ் எந்தக் குடும்பத்தைச் சேர்ந்தது என்பதில் பிற்காலத்தில் கருத்துகள் மாறிவிட்டன. 1980 இல் ஓர் இனத்தில் சேர்த்தார்கள். 40 ஆண்டு கழித்து வேறு இனத்தில் சேர்த்தார்கள். ஆனால் அது டிரையாசிக் காலத்துப் பிராணி என்பதில் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. ஏன்? அது பாறைக்குள், இன்னொரு டிரையாசிக் பிராணியின் விலாவுக்குள், கிடந்த இடத்திலேயே கிடந்தது. நம் சாயில் மெக்கானிக்ஸ் பாடத்தில் குலையாத மாதிரி என்று படிக்கிறோமே, அதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது. பெயர் மாறலாம், குடும்பம் மாறலாம். விலாசம் மாறவில்லை.

கலந்துபோன எலும்புகள்

அதே மலேரி மண்ணிலிருந்து இன்னொரு கதை. 1987 இல் சட்டர்ஜி ஒரு சின்ன டைனோசருக்கு வாக்கேரியா என்று பெயர் வைத்தார். அந்தப் பெயர் ஏற்கெனவே ஒரு கடல்வாழ் உயிரினத்துக்கு வைத்தாயிற்று என்று தெரிந்ததும், 1994 இல் அல்வாக்கேரியா என்று மாற்றினார்கள். பெயர்க் குழப்பம் அத்தோடு தீர்ந்தது. எலும்புக் குழப்பம் தீரவில்லை.

அந்த மாதிரியில் இருந்தவை தாடையின் முன்பகுதித் துண்டுகள், முதுகெலும்புத் துண்டுகள், ஒரு தொடை எலும்பு, ஒரு கணுக்கால் எலும்பு. பின்னால் வந்த ஆய்வாளர்கள் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தபோது, தொடையும் கணுக்காலும் டைனோசர் போலவே இருந்தன. தாடையும் முதுகெலும்பில் சில துண்டுகளும் வேறு ஊர்வனவற்றுக்குப் பொருந்தின. ஆக, ஒரே பிராணி என்று நினைத்தது பல பிராணிகளின் கலவையாக இருக்கலாம் என்றார்கள். நாலு வீட்டுக் கதவு, ஜன்னல், தூண் எல்லாம் ஒரே பழைய சாமான் கடையில் கிடந்தால், அவை ஒரே வீட்டுச் சாமான் என்று சொல்லிவிட முடியுமா? காரைக்குடியில் இருக்கிற நமக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

டிக்கி ஊர்த் தாடை

இப்போது முக்கியமான கதைக்கு வருகிறேன்.

சின்ன எலும்புகளைக் கண்ணால் தேடிப் பொறுக்க முடியாது. அதற்கு ஒரு முறை இருக்கிறது. களிமண்ணை மூட்டை மூட்டையாக அள்ளி வந்து, நன்றாக வெயிலில் காயவைத்து, தண்ணீரில் ஊறப்போடுவார்கள். சில வகைக் களி அசையாது. அதை முதலில் மண்ணெண்ணெயில் ஊறவைத்து, வடித்துவிட்டுத் தண்ணீர் ஊற்றினால் பொலபொலவென்று உதிர்ந்துவிடும். அப்புறம் நுண்கண் சல்லடையில் அலசி, தங்கியதை உலர்த்தி, மைக்ராஸ்கோப்புக்கு அடியில் வைத்து ஊசியால் ஒவ்வொரு துணுக்காகப் பிரிப்பார்கள். நம் லேபில் 4.75 மில்லிமீட்டரில் தொடங்கி 75 மைக்ரான் வரை சல்லடைகளை அடுக்கிக் குலுக்குகிறோமே, அதற்குச் சொந்தக்கார முறைதான் இது. நாம் எடை போடுகிறோம். அவர்கள் பல் தேடுகிறார்கள்.

டிக்கிச் செம்மண்ணிலிருந்து அப்படி ஒரு சின்னஞ்சிறு வலது கீழ்த்தாடை கிடைத்தது. தத்தா, சங்கமித்ரா ராய் என்ற இரு ஆய்வாளர்கள் 2006 இல் அதை விவரித்து, டிக்கிகுவானா எஸ்டெசி என்று பெயரிட்டார்கள். டிக்கிப் பாறையின் வயது சுமார் 22 கோடி ஆண்டு. அப்படியானால் உலகத்திலேயே பழமையான பல்லி நம் இந்தியாவில்! பெருமைப்படாமல் இருக்க முடியுமா?

இந்தப் பெருமையோடு ஒரு கணக்கும் சேர்ந்திருந்தது. உயிரினங்கள் எப்போது கிளை பிரிந்தன என்று கண்டுபிடிக்க, அவற்றின் மரபணு வேறுபாடுகளை எண்ணுகிறார்கள். வேறுபாடு எத்தனை என்று தெரியும். அது எந்த வேகத்தில் சேர்ந்தது என்று தெரியாது. வயது தெரிந்த ஒரு படிம எலும்பை வைத்துத்தான் வேகத்தைக் கண்டுபிடிக்க முடியும். ரோட்டில் மைல்கல் மாதிரி. மைல்கல்லைத் தவறான இடத்தில் நட்டுவிட்டால் அதை நம்பிப் போட்ட எல்லா தூரமும் தப்பாகிவிடும். உலகின் பல ஆய்வுக்கூடங்கள் டிக்கிகுவானாவை அப்படி ஒரு மைல்கல்லாக நட்டு, பல்லி, பாம்புகளின் வரலாற்றைக் கணக்குப் போட்டன.

சந்தேகம் எங்கே வந்தது?

2012 இல் ஹட்சின்சன், ஸ்கின்னர், லீ என்ற மூவர் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். அவர்கள் அந்தத் தாடையின் விவரங்களை, இன்று உயிரோடு இருக்கிற பல்லிகளின் தாடைகளோடு ஒப்பிட்டார்கள்.

நம் வீட்டுச் சுவர்ப் பல்லிக்குப் பற்கள் தாடையின் உள்பக்கச் சுவரில் ஒட்டியிருக்கும்; விழுந்தால் மறுபடி முளைக்கும். ஓணானுக்கு அப்படி இல்லை. பக்கவாட்டுப் பற்கள் தாடையின் விளிம்பு மேலேயே எலும்போடு எலும்பாக ஒட்டிப்போயிருக்கும், தேய்ந்தால் தேய்ந்ததுதான். டிக்கிகுவானாவின் பற்களும் அப்படியே இருந்தன. இது மட்டும் என்றால் பரவாயில்லை. தாடையின் வடிவமும் பல் அமைப்பும் சேர்ந்து, இன்றைய ஆசிய ஓணான் வகைகளிலிருந்து பிரித்துச் சொல்ல முடியாத அளவுக்கு ஒத்துப்போயின.

மூவரும் ஒரு கேள்வி கேட்டார்கள். 22 கோடி ஆண்டுகளில் கண்டங்கள் பிரிந்தன, இமயமலை எழுந்தது, டைனோசர்கள் வந்தன, போயின. இத்தனைக்கும் நடுவே ஓர் ஓணானின் தாடை மட்டும் அச்சு அசலாக மாறாமலே இருந்திருக்குமா? அதைவிட, அது உண்மையிலேயே அண்மைக்கால ஓணானாக இருக்க வாய்ப்பு அதிகமில்லையா?

சரி, புது ஓணான் பழைய பாறைக்குள் எப்படிப் போயிற்று? அவர்கள் சொன்ன விளக்கத்தை நம் ஊரை வைத்துச் சொல்கிறேன். சாக்கோட்டைப் பக்கம் மழை பெய்தால் மேட்டுச் செம்மண் கரைந்து ஓடி வந்து கண்மாயில் படியும். கோடையில் கண்மாய் காய்ந்ததும் அந்த வண்டலைக் கையில் எடுத்துப் பாருங்கள். மேட்டு மண்ணின் அதே நிறம், ஏறக்குறைய அதே குணம். ஆனால் படிந்தது போன ஐப்பசியில். அதற்குள் ஒரு ஓணான் செத்துப் புதைந்திருந்தால், அதன் எலும்பு வயது ஒரு வருஷம். சுற்றியிருக்கிற மண்ணின் மூல வயது கோடிக்கணக்கான வருஷம். டிக்கியிலும் செம்மண் பாறை திறந்த வெளியில் பரந்து கிடக்கிறது. அது கரைந்து மறுபடி படிந்த மண்ணில் அந்தத் தாடை இருந்திருக்கலாம் என்றார்கள்.

இதே டிக்கி மண்ணிலிருந்து 2005 இல் தத்தா விவரித்த இன்னொரு பல்லும் இருந்தது. டிக்கித்தேரியம் என்று பெயர். பாலூட்டிகளின் மிகப் பழைய உறவு என்று பாடநூல்களில் ஏறிய பல் அது. 2024 இல் அவெரியானோவ், வோய்டா என்ற இருவர், அது டிரையாசிக் பிராணியின் பல்லே இல்லை, மிகப் பிற்காலத்து மூஞ்சூறின் பல் என்று எழுதினார்கள். ஓணானுக்குச் சொன்ன சந்தேகம் மூஞ்சூறு வரைக்கும் வந்து சேர்ந்தது.

இதில் யாரையும் இளக்காரமாகப் பேச வேண்டாம். தாடையின் படத்தையும் அளவுகளையும் ஒளிக்காமல் வெளியிட்டதால்தான் மற்றவர்கள் சரிபார்க்க முடிந்தது. பூட்டி வைத்திருந்தால் சந்தேகமும் வந்திருக்காது, உண்மையும் வந்திருக்காது. டிக்கியில் கிடைத்த மற்ற டிரையாசிக் ஊர்வனவற்றின் மதிப்பு இதனால் குறையவும் இல்லை.

பழமையான பல்லிக்கான தேடலும் நிற்கவில்லை. இத்தாலியின் ஆல்ப்ஸ் மலையில் கிடைத்த மெகாசிரெல்லா என்ற சிறு பிராணியை, பாறையை உடைக்காமலே சி.டி. ஸ்கேன் மூலம் உள்ளே பார்த்து, அது பல்லி, பாம்பு வம்சத்தின் தொடக்கக் கிளை என்று 2018 இல் அறிவித்தார்கள். வயது சுமார் 24 கோடி ஆண்டு. அதன் இடம் பற்றியும் வாதம் நடக்கிறது. ஆனால் வயதைப் பற்றி வாதம் குறைவு. காரணம், அது பாறையோடு பாறையாகவே இருக்கிறது.

இதெல்லாம் நமக்கு எதற்கு?

எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். அப்பா கிணறு வெட்டுகிறவர். அவருக்கு நிலவியல் என்ற சொல் தெரியாது. ஆனால் குழிக்குள் இறங்கி நின்றால், மேல்மண் எத்தனை அடி, செம்பூராங்கல் எங்கே தொடங்குகிறது, களி எங்கே, எங்கே ஈரம் தட்டும் என்று சொல்லுவார். அவரிடம் ஒருநாள், மேலே கொட்டிக் கிடக்கிற மண்ணில் ஒரு கட்டியைக் காட்டி, "இது எத்தனாவது அடி மண்ணுப்பா?" என்று கேட்டேன். "குழிக்குள்ள இருக்கிற வரைக்கும்தான் சொல்ல முடியும். மேல வந்து குமிஞ்சு போச்சுன்னா அதுக்கு ஊரு ஏது, பேரு ஏது?" என்றார். ஹட்சின்சன் முதலானோர் பல பக்கங்களில் எழுதியதை அப்பா இரண்டு வாக்கியத்தில் சொல்லிவிட்டார்.

இது எலும்போடு நிற்கிற விஷயம் இல்லை. எங்கள் சொந்தத்தில் ஓர் அத்தை கடன் வாங்கி வீடு கட்டினார்கள். மனையின் ஒரு பக்கம் கெட்டி மண். மறுபக்கம் பழைய பள்ளத்தை மூடிய கொட்டின மண். மேலே பார்த்தால் இரண்டும் ஒரே சிவப்பு. மண் பரிசோதனைக்கு எடுத்தவர் கெட்டிப் பக்கத்தில் மட்டும் எடுத்து, பையின் மேல் இடத்தையும் ஆழத்தையும் எழுதாமல் கொடுத்துவிட்டார். ரிப்போர்ட் நல்லபடியாக வந்தது. இரண்டு மழைக்குப் பிறகு மறுபக்கச் சுவர் மூலையிலிருந்து ஜன்னல் வரை விரிசல். கடன் இன்னும் ஓடுகிறது. அந்த ரிப்போர்ட்டில் இருந்த எண்கள் எல்லாம் சரியான எண்களே. ஆனால் அவை அந்தச் சுவருக்கு உரிய எண்கள் இல்லை.

டிக்கிகுவானாவுக்கும் நடந்தது இதுதானே? தாடையை அளந்ததில் பிழை இல்லை. மண் எந்த அடுக்கைச் சேர்ந்தது என்பதில்தான் ஓட்டை. அங்கே ஒரு வரலாறு தவறியது. இங்கே ஒரு குடும்பத்தின் சேமிப்பு விரிசல் விட்டது.

நாளை நம்மில் பலர் சைட்டில் நிற்கப் போகிறோம். போர் போட்டு மண் எடுக்கும்போது பையின் மேல் சீட்டு எழுதுவது அற்பமான வேலை, கடைசி வருஷம் வந்த பையன் செய்யட்டும் என்று தோன்றும். லேபில் கூட, ரீடிங் வந்தால் போதும், மாதிரி எங்கிருந்து வந்தது என்று சிலர் கேட்பதே இல்லை. இனிமேல் கேட்போம். ஒவ்வொரு மாதிரிப் பையிலும் நாலு விவரம் இருக்கிறதா என்று பார்ப்போம்: எந்த இடம், எத்தனை ஆழம், எந்தத் தேதி, எடுத்தவர் யார். ஐந்தாவதாக ஒன்று சேர்த்துக்கொண்டால் இன்னும் நல்லது: இயற்கையாகக் கிடந்த மண்ணா, கொட்டின மண்ணா, வண்டலா? இந்த ஐந்தாவது கேள்வியை உலகப் புகழ்பெற்ற ஓர் எலும்பிடம் சரியாகக் கேட்பதற்கு ஆறு ஆண்டு ஆயிற்று.

டிக்கிச் செம்மண்ணில் உண்மையான டிரையாசிக் பல்லி ஒன்று இன்னும் கிடக்கலாம். அது ஒருநாள் கிடைக்கும்போது, எந்த அடுக்கில், எந்த ஆழத்தில், யார் கையால் எடுக்கப்பட்டது என்ற சீட்டோடு வெளியே வரட்டும். அந்தச் சீட்டை எழுதுகிற கை நம்மைப் போன்ற ஒரு டிப்ளமோ மாணவரின் கையாகவும் இருக்கலாம். எழுத்து அழகாக இல்லாவிட்டாலும் பரவாயில்லை நண்பர்களே, எழுதியது உண்மையாக இருந்தால் போதும்.

— இரண்டாம் ஆண்டு, சிவில் பிரிவு,
சாக்கோட்டை